வாய்பாடு சொன்ன பொய்

அத்தியாயம் 5

"குத்தவாளி யாருன்னு எனக்குத் தெரியுமுங்க அம்மிணி. நீங்க அந்தாளை ஒத்துக்க வெச்சுக் குடுத்தீங்கன்னாப் போதும்" என்றார் கிட்டுசாமி.

துப்பறிவாளரை வேலைக்கு அமர்த்தும்போதே தீர்ப்பையும் கையில் கொடுத்துவிடுகிற வழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. அவிநாசியில், பட்டனும் ஜிப்பும் விற்கிற கடையொன்றின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்திவந்த ஜெயபாரதி இதை நன்கு அறிந்தவர். அவரிடம் வரும் வழக்குகளில் பெரும்பாலானவை மாப்பிள்ளை விசாரணைகள். 'பையன் தங்கமுங்க, சும்மா ஒரு பேச்சுக்கு விசாரிச்சுச் சொல்லுங்க' என்பார்கள். தங்கம் பித்தளையாகிவிட்டால் கோபம் பையன்மேல் வராது, விசாரித்தவர்மேல்தான் வரும்.

"தீர்ப்பு ரெடின்னா நாங்க எதுக்கு மொதலாளி? ஒரு லத்தி போதுமே" என்றார் அந்தோணிராஜ்.

அந்தோணிராஜ் ஜெயபாரதியின் உதவியாளர், தூத்துக்குடிக்காரர், பல ஆண்டுகள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். துணியில் ஓட்டை தேடித் தேடி, பிறகு மனிதர்களின் பேச்சிலும் ஓட்டை தேடும் பழக்கத்துக்கு ஆளாகிவிட்டவர்.

கிட்டுசாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அருள்புரத்தில் உள்ள ஸ்ரீ மாகாளி டையிங் என்ற சாயப்பட்டறையின் உரிமையாளர் அவர். நெற்றியில் திருநீறும், அதன் நடுவே நாணய அளவு குங்குமமும், அதற்குக் கீழே நியாயமே உருவெடுத்தாற்போன்ற ஒரு முகமும் அவருக்கு இருந்தன. பட்டறையில் தம் அலுவலக மேசைமேல் கிடந்த பின்னலாடைத் துணியை விரித்துக் காட்டினார். கடல் கடந்து போகவேண்டிய கருநீலத் துணி. சில இடங்களில் கருத்தும் சில இடங்களில் வெளுத்தும், தேமல் படர்ந்த முதுகைப்போல இருந்தது.

"மொத்த லாட்டும் இப்படித்தானுங்க. இன்னைக்குச் சாயங்காலம் துணி எடுக்கற பையிங் ஆபீஸ்ல இருந்து சித்ரகலா மேடம் வர்றாங்க. வந்ததும் 'கெடுத்தது யாரு'ன்னுதான் கேப்பாங்க. எங்க டையிங் மாஸ்டர் சீனிச்சாமிதான்னு கை காட்டீருவேனுங்க. ஒர்க்கர்ஸ் எல்லாத்தையும் நிக்க வெச்சு நேத்தே சொல்லியாச்சு. இனி அருள்புரம், பல்லடம், அவிநாசி எங்கயும் எந்த டையிங்லயும் அந்தாளு காலெடுத்து வெக்க முடியாது."

"அவருதான்னு எப்படிங்க முடிவு பண்ணுனீங்க?" என்று கேட்டார் ஜெயபாரதி.

இதற்கு விடை சொன்னவன் கிட்டுசாமியின் மகன் தரணி. அவன் பொறியியல் பட்டதாரி. எந்தப் பொறியியல் என்று யாரேனும் கேட்டால், 'இன்ஜினியரிங்' என்பான்.

"சிம்பிள் மேடம். டையிங்ல முதல்ல சால்ட் போடணும். சாயம் துணியில சமமா ஏறும். அப்புறம்தான் சோடா. ஏறுன சாயம் அப்படியே பிடிச்சுக்கும். சோடாவ முதல்ல போட்டுட்டா, சாயம் பட்ட எடத்துலயே பிடிச்சு இந்த மாதிரி ஆயிரும். மாஸ்டர் டிரம்மை மாத்தி எடுத்திருக்காரு. லேபிள் படிக்கத் தெரியல. இல்லைன்னா வேணும்னே பண்ணியிருக்காரு."

"வேணும்னேவா?"

"போன மாசம் ஆடிட் வந்துச்சு மேடம். அதுக்காக மூட்டையில இருந்ததையெல்லாம் ஒரே மாதிரி நீல டிரம்முல கொட்டி, ஃபார்முலா அடிச்ச லேபிள் ஒட்டினேன். அப்பவே அவரு எல்லார் முன்னாடியும், 'இந்த எழுத்தை நம்புனா ஒரு நாளைக்கு மொத்தத் துணியும் நாசமாப் போகும் பாருங்க'ன்னு சொன்னாரு."

"பலிச்சிருச்சுல்ல!" என்றார் அந்தோணிராஜ். "மழை வரும்னு சொன்னவனையே மழைக்காக உள்ள தூக்கிப் போடுத கணக்கு."

"லேபிள்ல பேரையும் சேத்து அடிச்சிருக்கலாமுங்களே?" என்றார் ஜெயபாரதி.

"பேரு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மேடம். ஃபார்முலா மட்டும் போட்டாத்தான் ஒரு கெத்து."

ஒரு பொருளுக்குப் பெயரும் வாய்பாடும் இருப்பது, ஒன்று விளங்காதவர்க்கு மற்றொன்று விளங்கட்டும் என்பதற்காக. விளங்குகிற ஒன்றை நீக்கிவிட்டு, விளங்காத ஒன்றைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதற்கு நம் நாட்டில் நிர்வாகம் என்று பெயர். ஜெயபாரதி அவிநாசியில் படித்த காலத்தில் வேதியியல் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டம் மாப்பிள்ளை விசாரணைக்கு இதுவரை ஒருமுறையும் பயன்படவில்லை.

"Na₂SO₄ன்னு ஒரு லேபிள் இருக்குமுங்களே, அதுக்குப் பேரு என்னங்க?" என்று தரணியிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"அது... சோடியம் சல்பைடு."

"சல்பைடுன்னா Na₂S. அதுல ஆக்சிஜனே கிடையாதுங்க. அழுகுன முட்டை நாத்தம் அடிக்கும். அதை நீங்க டிரம்முல வெச்சிருந்தா, ஆடிட்டர் மூக்கைப் பொத்தீட்டு ஓடியிருப்பாரு. நாலு ஆக்சிஜன் இருக்கறது சல்பேட்டுங்க. நீங்க சால்ட்டுன்னு சொல்றது அதைத்தான்."

"ஏதோ ஒண்ணு மேடம். எல்லாம் ஒரே ஃபேமிலிதானே."

கந்தகம் தனியே நிற்பதும், நான்கு ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டு நிற்பதும் ஒரே குடும்பமாம்! இந்த வாயால்தான் 'மாஸ்டருக்குப் படிக்கத் தெரியவில்லை' என்ற குற்றச்சாட்டும் வந்தது. ஜெயபாரதி பேச்சை மாற்றினார்.

"கெமிக்கல் குடோன் சாவி யார்கிட்டங்க இருக்கு?"

"என்ற இடுப்புலதானுங்க" என்று வேட்டி மடிப்பைத் தட்டினார் கிட்டுசாமி. அவர் குரலில் பக்தி ஏறியது. "ஆயுத பூசை லீவு முச்சூடும் குடோன் பூட்டியேதான் கெடந்துச்சு. பூசை அன்னைக்கு மட்டும் நான் தொறந்தனுங்க. அந்த ரூமுக்குள்ள பூசை பூராவும் என்ற கையாலதான் நடக்கோணும். எங்க அப்பாரு காலத்து மொறை. மூடியெல்லாம் கழட்டிக் கழுவறதுல இருந்து, மஞ்ச வெச்சு, கற்பூரம் காட்டற வரைக்கும் வேற ஒருத்தரு படி தாண்டக் கூடாதுங்க. இந்த வருசம் பாருங்க, நான் வெச்ச மஞ்ச தானா செவந்துச்சு! சால்ட் டிரம்முல ஆத்தா வந்து உக்காந்துட்டா. ஊட்டுல சொன்னா, எங்க சம்சாரம் அழுதே போட்டா."

"மஞ்சள் சிவந்ததுங்களா?" என்றார் ஜெயபாரதி. கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்த அவருடைய விரல்கள் நின்றன.

"ரத்தமாட்டம் செவந்துச்சுங்க."

"சீனிச்சாமி அப்ப எங்க இருந்தாருங்க?"

"பூசைக்கு முன்னாடியே கோயில்பட்டிக்குப் போயிட்டாரு. லீவு முடிஞ்சு வந்து போட்ட முதல் லாட்டுதான் இது."

*

சீனிச்சாமி வாட்ச்மேன் அறையின் வாசலில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நேற்றுவரை அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் வாட்ச்மேனிடம் வணக்கம் வாங்கியவர். இன்று வாட்ச்மேன் அவருடைய சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்து உள்ளே அனுப்பியிருந்தார்.

அடக்கம் என்பது சீனிச்சாமியின் குணங்களில் இல்லை.

"இந்தத் திருப்பூருல நான் போடாத கலரு கிடையாது. கிளி மூக்கக் காட்டுங்க, அந்தச் செவப்பப் போட்டுத் தாரேன். எனக்குப் படிக்கத் தெரியாதாம்! அந்தப் பய சொல்லுதான்!"

"படிப்பீங்களா அண்ணாச்சி?" என்றார் அந்தோணிராஜ்.

"இங்கிலீஸு படிக்க மாட்டேன். ஆனா லேபிளு பாப்பேன். C போட்டிருந்தா சோடா, S போட்டிருந்தா சால்ட்டு. பெறவென்ன, அதுல போயி காவியமா எழுதியிருக்கு?"

ஜெயபாரதி சுவரோரம் கிடந்த சுண்ணாம்புக் கட்டி ஒன்றை எடுத்தார். தரையில் இரண்டு வாய்பாடுகளை எழுதினார்: Na₂SO₄, Na₂CO₃.

"சோடா எதுங்க?"

சீனிச்சாமி செருப்பின் நுனியால் இரண்டாவதைத் தொட்டார். ஜெயபாரதி அவற்றை அழித்து, இடம் மாற்றி எழுதினார். செருப்பு நுனியும் இடம் மாறிச் சரியாகத் தொட்டது.

"அன்னைக்கு எந்த டிரம்மை முதல்ல எடுத்தீங்க?"

"S போட்டத. அளந்து போடச் சொன்னேன். பெறகு C போட்டத. நான் மாத்தலம்மா. எங்க வேணாலும் வந்து சத்தியம் பண்ணுதேன்."

"கையில எடுத்துத் தேச்சுப் பாத்தா சோடா வழவழன்னு இருக்குமே. உங்களுக்குத் தெரியாததுங்களா?"

சீனிச்சாமியின் முகம் சுருங்கியது. அவர் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது.

"கிளவுசு போடாம கெமிக்கல்ல கை வச்சா வேலைய விட்டுத் தூக்கிருவேன்னு போர்டு மாட்டிருக்கான். ஆடிட்டுக்கு அப்புறம் அதுக்கு ஒரு சண்டை. வீட்டுல மகளுக்குச் சம்மந்தம் பேசிக்கிட்டு இருக்கோம், இந்த நேரத்துல எதுக்குப் பொல்லாப்புன்னு, சரி, இவனுக சொல்லுத மாதிரியே செய்வோம்னு, அன்னைக்குத்தான் மொத மொத கிளவுசு மாட்டினேன். லேபிள நம்பினேன்."

"பி.எச். பேப்பர் வெச்சுப் பாக்கலீங்களா? காரம் ஏறியிருந்தா கலர் காட்டிக் குடுத்திருக்குமே."

"அந்தப் பேப்பரு ஆபீஸ் பீரோவுல இருக்கு. அது ஆடிட்டுக்கும்மா."

ஆக, சீனிச்சாமி தம் வாழ்நாளில் முதன்முறையாக விதிப்படி நடந்திருந்தார், கெட்டதும் அதனால்தான். மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் வருவதாக இருந்தார்களாம். 'முதலில் அந்தப் பிரச்சினை முடியட்டும்' என்று இன்று காலையில் சொல்லியனுப்பிவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவர் துப்பறிவாளரைப் பார்க்கவில்லை. தம் தூக்குச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

குடோனுக்குப் போகும் வழியில் அந்தோணிராஜ் கேட்டார்: "மேடம், அந்த Naவுக்குப் பக்கத்துல குட்டியா ஒரு ரெண்டு நிக்குதே, அது என்னத்துக்கு?"

"சோடியத்துக்கு ஒரே ஒரு கைதாங்க அந்தோணிண்ணா. கார்பனேட்டுக்கு ரெண்டு கை. அப்ப ஒரு கார்பனேட்டைப் புடிக்க ரெண்டு சோடியம் வேணுமுங்க. சல்பேட்டுக்கும் ரெண்டு கைதான். அங்கயும் ரெண்டு சோடியம்."

"ஓஹோ. நடுவுல அக்யூஸ்ட்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு கான்ஸ்டபிளு. கான்ஸ்டபிள் ரெண்டு எடத்துலயும் ஒரே ஆளு. அக்யூஸ்ட்டு மட்டும் வேற."

"கல்லூரியில உங்களை வாத்தியாராப் போட்டிருந்தா நான் ரேங்க் வாங்கியிருப்பேனுங்க."

"நான் வாத்தியாராயிருந்தா கல்லூரிய மூடியிருப்பாவ மேடம்."

குடோன் கதவின் நிலையில், மிளகாயோடு கோத்த எலுமிச்சம்பழம் ஒன்று தொங்கிற்று. உள்ளே, சுவரோரமாக இரண்டு பெரிய நீல டிரம்கள் நின்றன. ஒன்று சாதாரணமாக நின்றது. மற்றொன்றின்மேல் செண்டுமல்லி மாலை. அடியில் கற்பூரக் கரி. பக்கத்தில் வாடிய வெற்றிலை. லீவு முடிந்து வந்த யாரோ ஒரு தொழிலாளி வேண்டுதலாகக் கட்டிய மஞ்சள் துணி முடிச்சுகூட இருந்தது. மூடியின் உச்சியில் Na₂SO₄ என்று கம்பீரமாக அச்சிட்டிருந்தது.

"சோடியம் சல்பேட் அம்மன்" என்றார் அந்தோணிராஜ். செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தார்.

"தரணி, லேபிளை ஏனுங்க மூடி மேல ஒட்டுனீங்க? டிரம்மு மேல ஒட்டியிருக்கலாமே" என்று வாசலில் நின்ற தரணியிடம் கேட்டார் ஜெயபாரதி.

"மேல இருந்து போட்டோ எடுத்தா அப்பத்தானே தெரியும் மேடம்? ஆடிட் ரிப்போர்ட்டுல சூப்பரா வந்துச்சு."

ஜெயபாரதி மாலையை மெல்ல விலக்கினார். கிட்டுசாமி வைத்த பொட்டுகள் தெரிந்தன. மூன்று பொட்டுகள், ஒவ்வொன்றும் பாதி மூடியிலும் பாதி டிரம்மின் விளிம்பிலும் விழுமாறு, இரண்டும் சேருகிற இடத்தில் வைக்கப்பட்டிருந்தன.

"அது ஏனுங்க அப்படிச் சேத்து வெச்சீங்க?" என்று பின்னால் வந்த கிட்டுசாமியிடம் கேட்டார்.

"மூடியையும் டிரம்மையும் சேத்து வெச்சாத்தானுங்க உள்ள இருக்கற சீரு வெளிய போகாது. என்ற கணக்கு அது."

சாயம் போடும்போது மூடியைத் திறந்து, திரும்ப வைத்திருந்ததால், பாதிகள் இப்போது ஒன்றோடொன்று சேரவில்லை. ஜெயபாரதி குனிந்து பார்த்தார். டிரம்மின் விளிம்பிலிருந்த கீழ்ப் பாதிகள் காய்ந்த இரத்தம்போலச் சிவந்திருந்தன. மூடியிலிருந்த மேல் பாதிகளோ அன்று அரைத்த மஞ்சள்போல மஞ்சளாகவே இருந்தன.

"பாத்தீங்களா, ஆத்தாளோட..." என்று கைகூப்பினார் கிட்டுசாமி.

"ஆத்தா பாதியோட நின்னுட்டாவளே மொதலாளி" என்றார் அந்தோணிராஜ். "மேல ஏற லிஃப்ட் இல்லையோ?"

ஜெயபாரதி அடுத்த டிரம்மைப் பார்த்தார். Na₂CO₃ என்ற மூடி. அங்கும் மூன்று பொட்டுகள். மேலும் மஞ்சள், கீழும் மஞ்சள்.

அவர் மூடியைப் பிடித்து மெல்லத் திருப்பினார். மாலை போட்ட டிரம்மில் ஓரிடத்தில் மூன்று பொட்டுகளின் பாதிகளும் ஒருசேரப் பொருந்தி முழு வட்டங்களாயின. பிறகு மூடிகளை மாற்றி வைத்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டுப் பொருந்தினால் மற்ற இரண்டும் விலகின. மூடிகளைப் பழையபடியே வைத்தார். கையால் வைத்த பொட்டுகளின் இடைவெளி எந்த இரண்டு டிரம்முக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

"எங்க போனாலும் பொருத்தம் பாக்குற வேலை நம்மள விடாது போலுக்கே மேடம்" என்றார் அந்தோணிராஜ். பிறகு அவருக்கே ஏதோ உறைத்தது. அவர் சிரிப்பு நின்றது. "அப்ப பொட்டு வச்ச அன்னைக்கே..."

"கொஞ்சம் பொறுங்க. சித்ரகலா மேடம் வந்துட்டாங்களான்னு பாருங்க. எல்லாத்தையும் இங்கயே வரச் சொல்லுங்க. சீனிச்சாமியையும்."

*

சித்ரகலா வந்தார். தோளில் பையும், கையில் பேனாவும், ஐந்து தொழிற்சாலைகளைப் பார்த்துவிட்ட சோர்வும் அவரிடம் இருந்தன. நேற்று எல்லாரையும் நிறுத்தி அறிவித்ததுபோலவே இன்றும் தொழிலாளர்கள் குடோன் வாசலில் நின்றார்கள். சீனிச்சாமிக்கு அருகில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

"மேடம், கெடுத்தது இவருதான்..." என்று கிட்டுசாமி கையை நீட்டத் தொடங்கினார்.

"கையை அப்படியே வெச்சிருங்க. திசை மட்டும் கொஞ்சம் மாறுமுங்க" என்றார் ஜெயபாரதி.

அவர் கதவு நிலையில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைப் பிய்த்தெடுத்தார். திருஷ்டிப் பழத்தைத் தொட்டதைக் கண்டு கிட்டுசாமி பதறினார். ஜெயபாரதி அதை நறுக்கி, Na₂CO₃ என்ற மூடியுள்ள டிரம்மிலிருந்து எடுத்த வெள்ளைப் பொடிமேல் பிழிந்தார். பொடி நனைந்தது, வேறு ஒன்றும் நிகழவில்லை. பிறகு மாலை போட்ட டிரம்மின் பொடிமேல் பிழிந்தார். பொடி சடசடவென்று பொங்கி நுரைத்தது. வாசலில் நின்ற பெண் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமி இல்லீங்க, சோடா" என்றார் ஜெயபாரதி. "கார்பனேட்டுல புளிப்பு பட்டா, அதுக்குள்ள இருக்கற கார்பன் டை ஆக்சைடு நுரையா வெளிய வரும். சல்பேட்டுல வராது. மூடி மேல சல்பேட்டுன்னு எழுதியிருக்கு. உள்ள இருக்கறது கார்பனேட்டு. சீனிச்சாமி லேபிளைச் சரியாத்தான் படிச்சாரு. லேபிள்தான் பொய் சொல்லுச்சு."

"அப்ப மாஸ்டர்தான் மூடியை மாத்தியிருக்காரு!" என்றான் தரணி.

"எப்ப?"

"லீவு முடிஞ்சு வந்ததும்."

"மஞ்சளுக்கு ஒரு குணம் இருக்குங்க. காரம் பட்டா செவக்கும். சோடா இருக்கற டிரம்மோட விளிம்புல சோடாத் தூசி படிஞ்சிருந்துச்சு. அது மேல வெச்ச மஞ்சள் செவந்துச்சு. கழுவுன மூடியில தூசி இல்லை. அங்க வெச்ச மஞ்சள் செவக்கலை. பாதி பாதியா வெச்ச பொட்டு மூணும் இந்த மூடியும் இந்த டிரம்மும் சேர்ந்தாத்தான் பொருந்துது. அப்படீன்னா, பொட்டு வெச்ச அந்த நிமிஷத்துலயே சல்பேட் மூடி சோடா டிரம்மு மேலதான் இருந்திருக்கு. மூடி மாறுனது கழுவுனதுக்குப் பின்னாடி, பொட்டு வெக்கறதுக்கு முன்னாடி. அந்த நேரத்துல சீனிச்சாமி கோயில்பட்டியில இருந்தாரு." ஜெயபாரதி கிட்டுசாமியைப் பார்த்தார். "குடோனுக்குள்ள இருந்தது யாருங்க?"

பதில் அவர் வாயாலேயே காலையில் வந்திருந்தது. கழுவியது முதல் கற்பூரம்வரை அவர் கைதான். வேறு ஒருவரும் படி தாண்டவில்லை. அப்பார் காலத்து முறை. எந்த வக்கீலும் தம் கட்சிக்காரரை இவ்வளவு உறுதியாக மாட்டிவைத்ததில்லை.

கிட்டுசாமியின் நீட்டிய கை எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் நின்றது.

"அம்மிணி, ஒரு நிமிஷம் இப்படி வாங்க" என்று தாழ்ந்த குரலில் அழைத்தார். "பூசையில தப்பு நடந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா நல்லா இருக்குமுங்களா? இங்க வேலை பாத்த ஹிந்திக்காரப் பையன் ஒருத்தன் ஊருக்குப் போயிட்டான். அவன் மாத்தி வெச்சான்னு சொல்லிப் போடலாமுங்க. யாருக்கும் நட்டமில்லை."

"சீனிச்சாமி மேல நீங்க எந்த எடத்துல நின்னு பழி போட்டீங்களோ, அதே எடத்துல நின்னு சொல்லோணுமுங்க" என்றார் ஜெயபாரதி. அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "இல்லைன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா, மறுபடியும் எலுமிச்சம்பழத்துல இருந்து ஆரம்பிப்பேன்."

கிட்டுசாமி கூட்டத்தைப் பார்த்தார். சித்ரகலாவைப் பார்த்தார். சிவந்த பொட்டைப் பார்த்தார். அது உதவிக்கு வரவில்லை.

"தப்பு நடந்து போச்சுங்க" என்றார் பொதுவாக, கூரையைப் பார்த்து. "மூடி மாறிப் போச்சு."

"மூடிக்குக் காலா இருக்கு மொதலாளி?" என்று கேட்டார் சீனிச்சாமி. "நேத்து என்னச் சொல்லும்போது பேரு சொல்லித்தானே சொன்னீங்க? 'துணி கெட்டுப் போச்சு'ன்னா சொன்னீங்க?"

யாரும் சிரிக்கவில்லை, அந்தோணிராஜ்கூடச் சிரிக்கவில்லை. ஒரு கட்டிக் கற்பூரம் எரிந்து அணைகிற நேரம் கழிந்தது.

"நானுங்க" என்றார் கிட்டுசாமி. "கழுவி அடுக்குன மூடியை மாத்தி மூடுனது நானுங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. எழுத்து எனக்கும் தெரியலை. சீனிச்சாமி மேல ஒரு தப்பும் இல்லை."

காலியாக இருந்த இடத்துக்கு ஒருவர் நகர்ந்து வந்தார். பிறகு இன்னொருவர். வாட்ச்மேன் எங்கிருந்தோ சீனிச்சாமியின் தூக்குச் சட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"சம்மந்தி வீட்டுக்கு யாரு சொல்லுவாக?" என்றார் சீனிச்சாமி. இப்போதும் அவர் கிட்டுசாமியைத்தான் பார்த்தார்.

"நானே கூப்புட்டுச் சொல்றனுங்க மாஸ்டர். இப்பவே."

"பேரு சொல்லிச் சொல்லணும்."

"பேரு சொல்லித்தானுங்க."

தரணி மூடிகளை மாற்றி வைத்தான். புதிய லேபிள்களை டிரம்மின் உடம்பிலேயே ஒட்டுவதாகவும், இந்த முறை பெயரையும் சேர்த்து அச்சிடுவதாகவும் வாக்களித்தான். சல்பேட் என்பதைத் தன் கைப்பேசியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். மாலை போட்ட டிரம்மை என்ன செய்வதென்று தொழிலாளர்களிடையே ஒரு சிறு விவாதம் எழுந்தது. மாலை இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பெயர் மாறியதால் அம்மனின் அருள் குறையாது என்றார் அந்தோணிராஜ்.

எல்லாரும் கலையும் நேரத்தில், சீனிச்சாமி அந்த டிரம்மருகே வந்து நின்றார். விரல்களை நீரில் நனைத்தார். வெறுங்கையை டிரம்முக்குள் விட்டு ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் தேய்த்தார். சோப்புபோல வழுக்கியது. அவர் முகத்தில் பழைய திமிர் திரும்பி வந்தது.

"சோடாதான்" என்று உலகத்துக்கு அறிவித்தார். "இதுக்குப் போயி எலுமிச்சம்பழத்த வீணடிச்சிருக்காக."

சித்ரகலாவின் பேனா தாளில் இறங்கியது.

"கையுறை இல்லாம கெமிக்கல்ல கை வைக்கிறாரு. இது பெரிய விதிமீறல். இதுக்கு யார் அனுமதி குடுத்தது?"

பழக்கத்தின் வலிமை பெரிது. குடோனில் நின்ற அத்தனை கண்களும் சீனிச்சாமியை நோக்கித் திரும்பின. தரணியின் வாய் திறந்தது. சீனிச்சாமியின் விரல்கள் சோடாவோடு அந்தரத்தில் நின்றன.

முதல் தடவை அந்தச் சொல்லைச் சொல்லக் கிட்டுசாமிக்கு ஒரு கற்பூரம் எரிகிற நேரம் பிடித்தது. இரண்டாம் தடவை தும்மலைப்போலத் தானாக வந்துவிட்டது.

"இதுவும் நானுங்க" என்றார்.